கரை யாருடையது?

வவுனியா நகரத்தை ஒட்டிக் கிடக்கும் குளத்தின் ஒரு பகுதியை மண்ணிட்டு நிரப்பி அதன்மேற் பூங்காவும் பொழுதுபோக்கிடமும் அமைத்த செய்கையை எதிர்த்து, அந்நகர மக்கள் குளத்திற்கான மக்கள் செயலணி என்ற பெயரிலே அணிதிரண்டதை வாசக நண்பர்கள் அறிவர். மாலை வேளையிலே மனைவி மக்களோடு காற்று வாங்குவதற்கு ஓரிடம் வேண்டுமென்று நகரவாசி ஆசைப்படுவது குற்றமன்று. முப்பது ஆண்டுப் போரினால் மூச்சுத்திணறிய நகரத்தில் அவ்வாசை நியாயமானதுங் கூட. ஆனால், குளத்தைப் பார்த்து மகிழ்வதற்காகக் குளத்தையே சுருக்குவது கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கும் காரியமன்றோ?

இதனை ஓர் ஊர்ச் சச்சரவென்று தள்ளிவிட நாம் விரும்பவில்லை. வன்னிப் பெருநிலத்தின் வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் நகரங்கள் வளர்கின்றன. வளரும் நகரம் எங்கே வளர்வது, நீர் எங்கே தங்குவது, தங்கிய நீரின் கரையிலே நடப்பதற்கு உரிமை யாருக்கு என்ற மூன்று வினாக்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இவற்றுக்கு நாம் விடை காணாவிட்டால், காணி பிடிப்போரும், கொந்திராத்துக்காரரும், சீருடையணிந்தோரும் தத்தமக்கு வசதியான விடையைத் தாமே எழுதிக்கொள்வர். எழுதிக்கொண்டும் இருக்கின்றனர்.

2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டித்வா புயலை எவரும் மறந்திருக்க முடியாது. மலையகத்திலே மண் சரிந்து, ஆறுகள் பெருகி, நாடு முழுவதிலும் 600 பேருக்கு மேல் மாண்டனர். மூதூர்ப் பக்கத்தில் மாவிலாற்றின் அணை உடைப்பெடுத்தது. வன்னியிலே குளங்கள் வான் பாய்ந்தன, வயல்கள் மூழ்கின, வீதிகள் அறுந்தன. ஐம்பதாண்டுக்கு ஒருமுறை வருவதென்று முதியோர் சொல்லிய பெருவெள்ளம் இப்போது ஆறேழு ஆண்டுக்கு ஒருமுறை வாசலில் வந்து நிற்கின்றது. வளிமண்டலம் ஒரு பாகை வெப்பமேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான ஈரத்தைத் தாங்கவல்லது என்பது விஞ்ஞானிகள் கண்ட உண்மை. தாங்கிய ஈரம் ஒருநாள் இறங்கித்தானே ஆகவேண்டும்? ஒரு மாதத்து மழை இரண்டு நாளிலே கொட்டுகின்றது. பின்னர் வானம் பொய்க்கின்றது. வெள்ளமும் வரட்சியும் ஒரே ஆண்டில் ஒரே கமக்காரனின் படலையைத் தட்டுகின்றன.

இப்படிப்பட்ட காலத்திலே குளமென்பது வயலுக்கு நீர் கொடுக்கும் தொட்டி மாத்திரமன்று. நகரத்தின் மேல் இறங்கும் வெள்ளத்தை வாங்கித் தன் வயிற்றில் அடக்கி, மெல்ல மெல்ல விடுவதும் அதன் தொழில். அலைகரைப் பக்கம் ஒரு பரப்புக் காணியை நிரப்பினால் அத்தனை கொள்ளளவு நீர் வேறெங்கோ போகவேண்டும். அது போகும் இடம் பெரும்பாலும் ஏழையின் குடிசையாகவே இருக்கும். நிரப்பியவனுடைய மாடி வீடாக இருப்பதில்லை.

கனகராயன் ஆற்றை எடுத்துக்கொள்வோம். வவுனியா மாவட்டத்திலே ஊற்றெடுத்து, முல்லைத்தீவு மாவட்டத்து மாங்குளத்தைக் கடந்து, கிளிநொச்சியின் இரணைமடுவை நிறைத்து, எஞ்சியதைச் சுண்டிக்குளம் கடனீரேரியிலே கொண்டுபோய்ச் சேர்க்கின்ற ஆறு அது. மாவட்ட எல்லைகளை வரைந்த உத்தியோகத்தர்களுக்கு ஆறு கட்டுப்படவில்லை. செட்டியார் வீட்டு மாடு போல அது தன்பாட்டிலே மூன்று மாவட்டத்திலும் மேய்கின்றது. மேலே காடு அழிந்தால் கீழே குளம் தூர்கின்றது. நடுவிலே கதவு திறக்கப் பிந்தினால் முகத்துவாரம் வரை ஊர்கள் மூழ்குகின்றன. ஆனால் நகரத் திட்டங்களோ ஒவ்வொரு கச்சேரியிலும் தனித்தனியாகத் தீட்டப்படுகின்றன.

1902ஆம் ஆண்டில் வேலை தொடங்கி 1920 அளவில் முடிவுற்ற இரணைமடுக் குளம், பல தடவை உயர்த்தப்பட்டு, இறுதியாக 34 அடியிலிருந்து 36 அடி நீர் கொள்ளும்படி புனரமைக்கப்பட்டது. 2018 டிசெம்பர் முற்பகுதியிலே அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதனை மக்களிடம் கையளித்தார். மேளமும் மாலையும் ஓய்வதற்கு முன்னர், அதே மாதம் 21ஆந் திகதி இரவு பெய்த பெருமழையிலே குளம் நிரம்பி, வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியின் தாழ்நிலக் கிராமங்கள் வெள்ளத்திலே மிதந்தன. கதவுகள் உரிய வேளையிலே திறக்கப்பட்டனவா, முன்கூட்டியே நீர்மட்டத்தைக் குறைத்திருக்கலாகாதா என்ற கேள்வி எழுந்தது. விசாரணைக் குழுவும் நியமிக்கப்பட்டது.

எந்திரி ஒருவரைக் குற்றவாளிக் கூண்டிலேற்றுவதிலே நமக்கு ஆர்வமில்லை. நள்ளிரவிலே கொட்டும் மழையில் அணைக்கட்டின் மேல் நின்று முடிவெடுப்பவனுடைய நிலையை மறுநாட் காலை நாற்காலியிலிருந்து விமரிசிப்பது எளிது. நாம் கேட்பது வேறு. குளத்தை நிறைத்து வைக்கவேண்டுமென்பது சிறுபோகத்தை நம்பியிருக்கும் கமக்காரனின் நியாயம். முன்கூட்டித் திறந்துவிடவேண்டுமென்பது கீழ்ப்புறத்துக் குடியிருப்பாளனின் நியாயம். இருபதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயலின் எதிர்காலம் ஒரு தட்டிலும், பல்லாயிரவரின் வீடும் மாடும் மறு தட்டிலும் இருக்கின்றன. இவ்விரு நியாயங்களையும் மழைக்கு முன்னரே ஒரு மேசையில் வைத்துப் பேசி, எந்த மாதத்தில் எத்தனை அடி, எத்தனை மணி நேர முன்னறிவித்தலுக்குப் பின் எந்தக் கதவு என்பதை எழுதி, எல்லோரும் அறியும்படி பிரசுரிக்கவேண்டும். எழுதி வெளிப்படுத்திய விதி இருந்தால் எந்திரிக்குங் காப்பு, ஏழைக்குங் காப்பு.

இது நமக்கு மட்டும் வந்த சோதனையன்று. 2015 டிசெம்பர் முதலாந் திகதி சென்னையிலே செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட, அடையாற்றங்கரை மக்கள் உறக்கத்திலேயே வெள்ளத்திற் சிக்கினர். அங்கும் இதே வாக்குவாதம். அங்கும் ஆற்றின் படுக்கையையும் சதுப்பு நிலத்தையும் வீடாகவும் வீதியாகவும் ஆக்கிவிட்ட பின்னரே கதவைப்பற்றிய கேள்வி எழுந்தது.

2009க்குப் பின்னர் மீண்டெழுந்த கிளிநொச்சி நகரம், ஏ-9 வீதியின் இரு மருங்கிலும் கயிறுபோல் நீண்டு வளர்ந்தது. வீதி உயர்ந்தது, கடை உயர்ந்தது, கந்தோர் உயர்ந்தது, வாய்க்கால் மாத்திரம் உயரவில்லை. மழைநீர் வீதியைக் கடந்து செல்லவேண்டிய மதகுகளின் முன்னால் மண் மேடும் மதிலும் முளைத்தன. நகரின் மடியிலேயே கிளிநொச்சிக் குளம் கிடக்கின்றது. அதன் கட்டிலே நிழல்மரம் நட்டு, நடைபாதை அமைத்து, பள்ளிப் பிள்ளைகளும் கிழவர்களும் உலாவும்படி செய்வதற்கு ஒரு கூடை மண்ணைத்தானும் குளத்திற்குள்ளே கொட்டவேண்டியதில்லை. வவுனியாவிலே நடந்த தவறு இங்கே நடக்காமலிருக்க இன்னும் காலம் இருக்கின்றது.

சட்டம் என்ன சொல்கின்றது என்று கேட்பவர்களுக்கு, தொழிலால் சட்டத்தோடு பழகியவர்கள் என்ற முறையில் நாம் சில கூறவேண்டும். இந்நாட்டின் பொதுச்சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டம், ஜஸ்டீனியன் சக்கரவர்த்தி கி.பி. 533இல் வெளியிட்ட சட்டநூலின் வழிவந்தது. காற்றும் ஓடும் நீரும் கடலும் கடற்கரையும் எல்லோர்க்கும் பொதுவென்பது அந்நூல் கண்ட கொள்கை. 1947ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச்சட்டம், பொது நீர்நிலைகளைக் காப்பதற்கு ஒதுக்கீடுகள் செய்ய இடமளிக்கின்றது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றரைக் கரையோர வலயமென்று வகுத்து, அனுமதியின்றி அங்கே அபிவிருத்தி வேலை செய்வதைத் தடுக்கின்றது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அனுமதியின்றி நெற்காணியை நிரப்புவதற்குத் தடை விதிக்கின்றது. ஆகவே சட்டம் இல்லையென்று எவரும் கை விரிக்க முடியாது.

சட்டங்களுக்கு மேலாக ஒரு தத்துவம் உண்டு. எப்பாவலைப் பொஸ்பேற் வழக்கிலே 2000ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம், இயற்கை வளங்களை அரசு தன் சொந்தச் சொத்தாகக் கொண்டாட முடியாது, மக்களுக்காக அறங்காவலனாக இருந்தே பேணவேண்டும் என்ற கொள்கையை வலியுறுத்திற்று. இன்னும் நேரடியாக நம் விடயத்தைத் தொடுவது 2008 ஒக்டோபர் 8ஆந் திகதி வெளிவந்த தீர்ப்பு. கொழும்பின் அருகே பத்தரமுல்லையில் வெள்ளநீரைத் தாங்குவதற்கென்று பொதுத் தேவைக்காகச் சுவீகரிக்கப்பட்ட தாழ்நிலம், பின்னர் தனியார் கோல்ஃப் மைதானத்திற்குக் கைமாறியது. இரண்டு குடிமக்கள் வழக்குத் தொடுத்தனர். அக்கைமாற்றம் செல்லாதென்று தீர்த்த உயர்நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 இலட்சம் ரூபா செலுத்தவேண்டுமென்று கட்டளையிட்டது. ஜனாதிபதியாக இருந்தவரே வெள்ளநிலத்தைத் தம் இஷ்டம்போல் வழங்க முடியாதென்றால், ஒரு நகரசபையோ பிரதேச சபையோ இலாகாவோ எம்மாத்திரம்?

கொழும்பு அத்துடன் நிற்கவில்லை என்பதையும் நாம் கவனிக்கவேண்டும். 2010ஆம் ஆண்டு வெள்ளத்திலே பாராளுமன்றமே நீரால் சூழப்பட்ட பின்னர், உலக வங்கியின் கடனுதவியோடு கால்வாய்கள் திருத்தப்பட்டன. சதுப்பு நிலங்கள் காக்கப்பட்டன. பெத்தகானையிலும் தியசருவிலும் ஈரநிலத்தைத் தூர்க்காமலே மரப்பலகைப் பாதைகள் அமைத்து மக்கள் உலாவும் பூங்காக்களாக்கினர். 2018இல் கொழும்புக்கு ஈரநில நகரம் என்ற ராம்சர் அங்கீகாரமும் கிடைத்தது. தலைநகரத்தானுக்கு நீரைக் காக்கும் பூங்கா. வன்னியானுக்கு நீரை விழுங்கும் பூங்கா! இந்த வேற்றுமைக்குப் பணம் மாத்திரம் காரணமென்று நாம் நம்பவில்லை. திட்டம் தீட்டும் மேசையிலே நம் குரல் இல்லாமையும், இருக்கும் இடத்தில் நாம் வாயடைத்து நின்றமையும் காரணம்.

இனிக் கடற்கரைக்கு வருவோம்.

2004 டிசெம்பர் 26ஆந் திகதி முல்லைத்தீவுப் பட்டினத்தைக் கடல் கொண்டதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. அந்நாளை நினைத்தால் இன்றும் நாவெழுவதில்லை. அதன்பின் அரசாங்கம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றரும் வடக்குக் கிழக்கில் 200 மீற்றரும் கட்டடந் தவிர்க்கும் வலயமென்று அறிவித்தது. கரையிலிருந்து பின்வாங்குவது விவேகமென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கிழக்கிலே மீனவனைத் தூரப் போ என்று சொன்ன அதே விதி, சுற்றுலா விடுதிக்காரனைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டது. பின்னர் வலயமே தளர்த்தப்பட்டது. கரையோர ஒதுக்கு என்பது மக்களைக் கடலினின்றும் காப்பதற்கேயன்றி, மக்களிடமிருந்து கடலைப் பறிப்பதற்கன்று.

முல்லைத்தீவிலே இந்தப் பறிப்பு வேறு வேடம் பூண்டது. வட்டுவாகலிலே கடலுக்கும் நந்திக்கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் 617 ஏக்கரைக் கடற்படை முகாமுக்காகச் சுவீகரிக்கும் முயற்சி நடந்தது. அளவெடுக்க வந்த உத்தியோகத்தர்கள், காணிக்காரரின் எதிர்ப்பினால் ஒருமுறையன்று, பலமுறை திரும்பிச் சென்றனர். நந்திக்கடலின் கரையிலுள்ள கேப்பாப்புலவு மக்கள் 2017 மார்ச்சு மாதத்திலிருந்து ஆண்டுக்கணக்கில் வீதியோரத்திலே குந்தியிருந்து தம் காணியைக் கேட்டனர். அதே 2017 ஜனவரியிலே நந்திக்கடலும் நாயாறும், ஒவ்வொன்றும் 4000 ஹெக்டயருக்கு மேற்பட்ட பரப்பிலே, இயற்கை ஒதுக்கிடங்களாக வர்த்தமானியிற் பிரகடனஞ் செய்யப்பட்டன. கடனீரேரியைக் காப்பது நன்றே. நாம் அதனை எதிர்ப்பவரல்லர். ஆனால் தலைமுறை தலைமுறையாக இறால் பிடித்தவனையும், கரையோரத் தரவையிலே மாடு மேய்த்தவனையும், வயல் விதைத்தவனையும் அழைத்து ஒரு வார்த்தை கேளாமல் எல்லைக்கல் நாட்டினால், அவனுக்குக் காவலனும் களவாளியும் ஒன்றாகவே தோன்றுவர். தூர்ந்துபோன நந்திக்கடலை ஆழப்படுத்தித் தாருங்கள் என்று அவன் கேட்டு எத்தனை காலமாயிற்று! அது நடக்கவில்லை; கல் மாத்திரம் நடப்பட்டது.

நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையிலுள்ள அந்த ஒடுங்கிய மணலிலே 2009 மே மாதத்தில் நம் மக்கள் பட்ட பாட்டை அறிந்தவர்கள், அக்கரையிலே போய் நின்று ஒரு பூவைப் போடுவதற்குள்ள உரிமையைப் பொழுதுபோக்கென்று கருதமாட்டார்கள். கடற்கரை செல்லும் பாதை நமக்கு உல்லாசப் பிரயாணிக்குரிய வசதியன்று. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையிலே கடல்நீர் அள்ளி, அந்த உப்புநீரிலே விளக்கேற்றுவது வன்னி மக்களின் தொன்மையான வழக்கம். கரைக்குப் போகும் வழி அடைபட்டால் விளக்குக்கு நீர் ஏது? வழக்காறே உரிமையின் சான்று என்பதைச் சட்டம் படித்தவர்கள் அறிவர். கரைவலை இழுப்பவனுக்கு வாடியும் வலை காயவிடும் மணலும் எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியமாக இவ்வழிகளும் படத்திலே குறிக்கப்படவேண்டும்.

இவ்விடத்திலே ஒன்றைச் சொல்லாமற் போனால் நாம் நேர்மையற்றவராவோம். டித்வா வெள்ளத்தின்போது, சுண்டிக்குளம் பகுதியிலே சாலை முகத்துவாரத்தை வெட்டி அகலப்படுத்தி, தேங்கிய வெள்ளத்தைக் கடலுக்கு விடச் சென்ற கடற்படையினர் ஐவர் நீரோடு அள்ளுண்டு போயினர். வன்னி மக்களின் வீடுகளில் நீர் வடியவேண்டுமென்ற வேலையிலே அவர்கள் உயிர் போயிற்று. அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள். கடற்படை மக்களின் காணியிலே இருப்பதை நாம் எதிர்க்கின்றோம். அந்த ஐவரின் தாய்மாரின் கண்ணீருக்குத் தலை வணங்குகின்றோம். இரண்டையும் ஒரே வாயாற் சொல்ல நமக்குக் கூச்சமில்லை. அதே வேளையிலே, வெள்ளம் தலைக்கு மேலேறிய பின்னர் முகத்துவாரத்தை வெட்ட ஆளனுப்பும் நிலை ஏன் வந்தது என்பதையும் கேட்கவேண்டும். ஐப்பசி பிறக்குமுன்னரே எந்த முகத்துவாரத்தை எவர், எப்போது, எந்த மட்டத்தில் வெட்டுவதென்று மீனவரையும் கமக்காரரையும் வைத்துத் தீர்மானித்திருந்தால் அவ்வுயிர்களை அவ்விரவிலே பணயம் வைத்திருக்க வேண்டியதில்லை. மழைக்காலந்தோறும் நீர் மேவிப் பாயும் வட்டுவாகல் பாலத்துக்குப் பதிலாகப் புதிய பாலம் அமைக்கும் வேலை 2025 செப்டெம்பரிலே தொடக்கி வைக்கப்பட்டது. வரவேற்கின்றோம். அப்பாலத்தின் கண்கள் நந்திக்கடலின் வெள்ளத்தைத் தடையின்றி விடுமளவுக்கு அகலமானவையா, நடந்து போவோனுக்கும் தூண்டில் போடுவோனுக்கும் பாலத்திலே ஓரம் உண்டா என்பதை இப்போதே கேட்கவேண்டும், திறப்பு விழாவிலன்று.

கொழும்பையும் இராணுவத்தையும் மாத்திரம் குற்றஞ் சாட்டிவிட்டுக் கை கழுவ நாம் ஆயத்தமாக இல்லை. வவுனியாக் குளத்தினுள்ளே மண் விழுந்தது நம் நகரத்தின் நடுவிலே, நம் கண் முன்னாலே. குளத்து ஒதுக்கிலே வேலியை ஆண்டுக்கு ஒரு முழம் நகர்த்துபவன் நம்மவன். வாய்க்காலின் மேல் கொங்கிறீற்றுத் தட்டுப் போட்டுக் கடை விரிப்பவன் நம்மவன். அவனுக்கு வரி ரசீது வெட்டிக் கொடுப்பவனும் நம்மவனே. தேர்தல் நெருங்கும்போது அவ்வேலியைத் தொடாதீர்கள் என்று உத்தியோகத்தருக்குத் தூது விடும் அரசியல்வாதி எந்தக் கட்சியைச் சேர்ந்தவனென்று நாம் பெயர் சொல்லப் போவதில்லை. எல்லாக் கட்சியிலும் இருக்கின்றான். நம்மோடு மேடையேறியவரிலும் இருக்கின்றான். காணி அதிகாரத்தைக் கேட்டு மாகாணத்துக்காக வாதாடும் நாம், கையிலுள்ள சிறிய அதிகாரத்தை எப்படிப் பிரயோகித்தோம் என்று நாளை எவனாவது கேட்டால் என்ன விடை சொல்வோம்?

அண்மையில் கூட்டமொன்றிலே கமக்கார நண்பரொருவர் எம்மை மடக்கினார். ஒதுக்கிலே குடியிருக்கும் ஏழையைக் கிளப்பிவிடச் சொல்கிறீர்களா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. போரினால் பலமுறை இடம்பெயர்ந்தவனை இன்னொருமுறை வெறுங்கையோடு எழுப்புவது பாவம். வேறு காணியும் வீடும் முன்னரே கொடுத்து, அவன் சம்மதத்தோடு நகர்த்தவேண்டும். ஆனால் ஒதுக்கிலே மாடி கட்டி வாடகை வாங்குபவனும் அவ்வேழையின் பின்னால் ஒளிந்துகொள்ள விடலாகாது. ஒல்லாந்திலே வால் ஆற்றங்கரையிலுள்ள நைமேகன் நகரில், ஆற்றுக்கு இடங்கொடுப்பதற்காக அணைக்கட்டையே 350 மீற்றர் பின்னே தள்ளி அமைத்தனர். சுமார் 50 வீடுகள் அகற்றப்பட்டன. மாற்றும் நட்டஈடும் கொடுக்கப்பட்டன. 2016இல் முடிந்த அவ்வேலையினால் வெள்ளமுந் தணிந்தது. புதிதாகக் கிடைத்த ஆற்றங்கரை நகர மக்களின் பூங்காவுமாயிற்று. கடலோடு போராடி நாட்டைப் பெற்ற ஒல்லாந்தரே, முல்லைத்தீவிலே கோட்டை கட்டி ஆண்ட அதே ஒல்லாந்தரே, நீரோடு மல்லுக்கட்டுவதை விட்டு வழிவிட்டிருக்கின்றனர்.

நகர அபிவிருத்தி அதிகாரசபை 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் திட்டங்கள் வரையும்போது மக்களின் ஆட்சேபங்களைக் கேட்கவேண்டும். கேட்கும் அறிவித்தல் பத்திரிகையின் மூலையிலே வரும், நாம் பார்ப்பதில்லை. பார்த்தாலும் எழுதுவதில்லை. ஆகையால் இவ்வாண்டு சிறுபோக அறுவடை முடிந்ததும், மழை பிறப்பதற்கு முன்னர், மூன்று மாவட்டங்களிலுமுள்ள கமக்கார அமைப்புகளும் மீனவர் சங்கங்களும் தத்தம் குளத்தின் முழு நீர்மட்ட எல்லையையும், கரைக்குச் செல்லும் பழைய வழிகளையும் ஊர்ப் பெரியோரின் துணைகொண்டு நடந்து பார்த்துக் குறிக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம். நில அளவைத் திணைக்களத்தின் பழைய படங்களின் பிரதிகளைப் பெறுவதிலும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதுவதிலும், ஆட்சேப மனுக்களைத் தயாரிப்பதிலும் சட்டத்தரணிகளும் நில அளவையாளரும் எந்திரிகளும் ஊதியமின்றி உதவ முன்வரவேண்டும். வவுனியாக் குளத்திலிருந்தே தொடங்கலாம். நிரப்பிய மண்ணை அள்ளுவதற்கு எத்தனை பார லொறி வேண்டும், எத்தனை நாளாகும் என்று கணக்குப் பார்த்துத் தரக்கூடிய எந்திரி ஒருவர் நம் வாசகரிலே இருப்பாரானால், அவருடைய கடிதத்தை எதிர்பார்க்கின்றோம்.